கேத்தலின் வெண்படிவும் சிறுநீரகக் கல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறி வருவது. அதனைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்மையாய்ப் படிவதைக் காண்போர் சிலர், சிறுநீரகத்திலும் இவ்வாறே கல் படியுமென அஞ்சுகின்றனர். நீரைக் குறைத்து, பாலையும் நெத்தலியையும் விலக்குகின்றனர். கல்லுக்கு வழி திறப்பது இவ்வச்சமே.

கேத்தலிற் படிவது கல்சியங் காபனேற்று. சிறுநீரகக் கற்களிற் பெரும்பாலானவையோ கல்சியமும் ஒட்சலேற்றும் கூடியவை. ஒட்சலேற்று பசளி முதலிய சில கீரைகளில் மிகுதி, தேயிலையிலும் உண்டு. உணவோடு கல்சியமும் சென்றால் இரண்டும் குடலிலேயே பிணைந்து மலத்துடன் கழியும். கல்சியம் குன்றினால் ஒட்சலேற்று இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடையும். சிறுநீரிற் கல்சியம் மிகுந்து, கல் நோயால் மீண்டும் மீண்டும் வருந்திய 120 ஆடவரை இத்தாலிய மருத்துவர் ஐந்தாண்டு கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டனர். கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் மீண்டது. கல்சியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் மச்சமாமிசத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே மீண்டது.

உப்பு மிகுந்தால் சிறுநீரிற் கல்சியமும் மிகும். கருவாடும் ஊறுகாயும் நாள்தோறும் பரிமாறும் வீடுகள் இதனைக் கருத வேண்டும்.

நீரோ, நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியுமளவு வேண்டும். வெயிலில் தோட்டஞ் செய்பவர் வியர்வையில் இழப்பதையும் சேர்த்துக் குடித்தல் வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாயின், பெரும்பாலும் குடித்தது போதவில்லை. வைத்தியர் நீரை மட்டுப்படுத்தியோர்க்கு இது பொருந்தாது. தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சித்திரேற்று கல் திரள்வதைத் தடுக்கத் துணைபுரியும். அதில் உப்பிட்டுக் குடிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.