இரண்டு சூரியோதயம் கண்ட பிரயாணம்

பூகோள உருண்டையின்மேல் நூல் பிடித்து எந்த இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துவிடலாம். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நூல் சொல்லாது. அது யந்திரத்தையும் காற்றையும் பொறுத்தது. சில காலங்களில் பகைவனையும் பொறுத்தது.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து லண்டனுக்கு, வழியில் எங்கும் இறங்காமல் செல்லும் விமானத்தைக் குவாண்டாஸ் கம்பெனியார் 2018-ம் வருஷம் மார்ச் மாதத்தில் தொடங்கினார்கள். தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். பிரயாண நேரம் ஏறக்குறைய 17 மணி. வீட்டுப் பிள்ளைகளை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்பார்கள்.

அதே பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கோடிக்கு 5,650 கிலோமீட்டர்தான். லண்டன் தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆயினும் 1943-ல் இந்தப் பிரயாணத்துக்குச் சாதாரணமாக 28 மணி நேரம் பிடித்தது!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமான வழி அறுந்தது. அறுந்த வழியை இணைக்க, மறு வருஷம் குவாண்டாஸார் 'காட்டலினா' என்ற ஐந்து கடல் விமானங்களைக் கொண்டு வந்தார்கள். பெர்த்தின் ஸ்வான் நதியில் நீரிலிருந்து எழும்பி, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் நீரிலேயே இறங்க வேண்டும். நடுவே இந்து மகா சமுத்திரம். பெட்ரோல் சுமையே பெருஞ்சுமையாதலால் பிரயாணிகள் மூவருக்கு மேல் இடமில்லை. தபாலும் 69 கிலோதான்.

அவ்விமானத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். நாற்பது கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஆகையால் சில தடவை 32 மணி நேரமும் ஆனதுண்டு. பகைவர் காதில் விழாதிருக்க ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. ஆயுதமோ கிடையாது. இரவில் நட்சத்திரங்களே வழிகாட்டி. விமானங்களுக்கும் அவற்றின் பெயரையே வைத்தார்கள். ஒன்று ஸ்பைக்கா, நம் சித்திரை. இன்னொன்று அன்டாரிஸ், நம் கேட்டை.

ஒரே பிரயாணத்தில் இரண்டு முறை சூரியன் உதிக்கக் கண்டவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய இரகசிய சங்கம்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு ஒரு பத்திரம் வழங்கினார்கள். 1945 ஜூலை வரை 271 முறை சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஓர் உயிர்கூடச் சேதமாகவில்லை.

பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே உள்ள தூரம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே. விமானச் சீட்டிலே அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கு மட்டும் பூமி நமக்குக் கொடுத்ததன்று. இருட்டில் நட்சத்திரம் பார்த்துப் பறந்த மனிதர்கள் சிறுகச் சிறுகச் சம்பாதித்துக் கொடுத்தது.