அமாங் மணலில் இருக்கும் லேசர்

கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் ஓடிய காலத்தில், ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கனமான மணலை அமாங் என்று ஒதுக்கிக் குவிப்பார்கள். அதில் மோனசைட் என்ற தாது உண்டு. மோனசைட்டில் நியோடிமியம் உண்டு. இந்தத் தனிமத்தைக் கண்ணாடியில் கலந்துதான் உலகின் மாபெரும் லேசர்கள் சிலவற்றைச் செய்கிறார்கள். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலையை, அதன் தோரியக் கழிவுக்காக மக்கள் நீதிமன்றம் வரை எதிர்த்தது பலருக்கு நினைவிருக்கும். லேசரைப் பற்றி அன்று அங்கே யார் பேசினார்கள்!

அத்தகைய லேசர்களின் வேலைகளில் ஒன்று, ஆய்வகத்துக்குள்ளேயே பலத்த அதிர்ச்சி அலையை எழுப்புவது. பொருளுக்குள் ஒலியைவிட வேகமாகப் பாயும் அழுத்தமே அதிர்ச்சி அலை. கல்லுமலைக் கோயில் தைப்பூசக் கூட்டத்தில் முன்னால் போகிறவர் மெல்ல நடக்க, பின்னால் வருகிறவர் விரைந்து வந்தால் ஓரிடத்தில் நெரிசல் சுவர்போல் எழும் அல்லவா? அழுத்தப்பட்ட பொருளில் ஒலி இன்னும் விரைவாகச் செல்லும். அதனால் பின்னால் வரும் அழுத்தம் முன்னதை எட்டிப்பிடித்து, எல்லாம் ஒரே கூர்மையான முகப்பாகக் குவிகிறது.

சிம்பாங் பூலாய் குவாரிகளில் இந்த அலையை வெடிமருந்து எழுப்புகிறது. லேசர் செய்யும் விதம் வேறு. ஒளியே பொருளைத் தள்ளுவதாக நினைக்க வேண்டாம். அந்தத் தள்ளல் மிகச் சொற்பம். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு நானோநொடி, ஒளி ஒரு மில்லிமீட்டர் அகலப் புள்ளியில் பாய்கிறது. மேற்பரப்பு பிளாஸ்மாவாகி வெளியே சீறுகிறது. அதன் எதிர்விசைதான் உள்ளே அமுக்குகிறது.

இதற்குப் பெரிய ஆற்றல் தேவையில்லை. ஒரு கிலோ அரிசியைப் பத்து மீட்டர் உயரம் தூக்கச் சுமார் 100 ஜூல் போதும். அதே 100 ஜூலை ஒரு நானோநொடிக்குள் அடைத்தால் திறன் பத்தாயிரம் கோடி வாட். அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் பத்து லட்சம் மடங்கைத் தாண்டிவிடும். பூமியின் நடுமையத்திலேயே சுமார் 36 லட்சம் மடங்குதான்.

விமான எஞ்சின் விசிறித் தகடுகளை வலுப்படுத்த இதைவிட மென்மையான அடி போதும். தகட்டில் கறுப்புச் சாயம் பூசி, மேலே மெல்லிய நீர்ப்படலம் ஓடவிட்டு லேசரை அடிப்பார்கள். நீர் பிளாஸ்மாவைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பதால் அழுத்தம் கூடுகிறது. உள்ளே இறுகிய உலோகத்தில் விரிசல் எளிதில் பரவாது.

2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் சாதாரண பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் இரண்டு அலைகளை அடுத்தடுத்துச் செலுத்தினார்கள். காற்றழுத்தத்தைப்போல் பதினைந்து லட்சம் மடங்கு அழுத்தத்தில் கார்பன் பிரிந்து நுண் வைரங்களானது. யுரேனஸ், நெப்டியூனுக்குள் வைர மழை பெய்யலாம் என்ற ஊகத்துக்கு இது சான்று. மோதிரத்துக்கு உதவாது, கண்ணுக்கே தெரியாத அளவு.

2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லிவர்மோரில் 192 லேசர் கற்றைகள் எழுப்பிய எக்ஸ் கதிர்கள், ஹைட்ரஜன் எரிபொருள் அடைத்த சிறு உருண்டையை இப்படியே நெருக்கி அணுக்களைப் பிணைத்தன. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15. லாபம்தான், லேசரை இயக்க வாங்கிய மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்: அது சுமார் 300 மெகாஜூல்.