வீட்டைப் பற்றி எழுதுவோம், ஆளைப் பற்றி வேண்டாம்

சென்ற மாதம் எங்கள் வாடகை வீட்டில் ஓர் அறை காலியானது. எங்களுடன் இருந்த மூத்த மாணவி தொழிற்பயிற்சிக்காகப் பினாங்கு சென்றுவிட்டார். புதிதாக ஆள் தேட விளம்பரம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கைப்பேசியை எடுத்து, யோசிக்காமல் தட்டினேன்: "அறை வாடகைக்கு. பல்கலைக்கழகத்துக்கு அருகில். இந்திய மாணவிகள் மட்டும்."

அனுப்புவதற்கு முன் தயங்கினேன். இதே மாதிரி ஒரு வரியை ஈராண்டுகளுக்கு முன் நான் மறுபக்கத்திலிருந்து படித்திருக்கிறேன்.

முதலாண்டு முடிந்ததும் எனக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. இணையத்தில் அறை தேடினேன். வாடகை, தூரம், பேருந்து வசதி எல்லாம் பொருந்திவரும். கடைசி வரியில் "சீனர்களுக்கு மட்டும்" அல்லது "மலாய்க்கார மாணவிகள் மட்டும்" என்றிருக்கும். இனத்தைக் குறிப்பிடாத ஒரு விளம்பரத்தைக் கண்டு முகவரை அழைத்தேன். அன்பாகத்தான் பேசினார். பெயரைக் கேட்டார், சொன்னேன். "மன்னிக்கவும், வீட்டுக்காரர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்றார். பக்கத்திலிருந்த அப்பா, "விடும்மா, வேற பாக்கலாம்" என்றார். அப்பாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று பிறகு தேடிப் படித்தேன். நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. ஆனால், அது அரசாங்கத்தையும் பொது அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். கருவுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2005இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. தனியார் ஒருவர் தம் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பதில் அந்த விதி தலையிடாது. வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது.

அமெரிக்கா இந்தச் சிக்கலை 1968இல் சட்டத்தால் எதிர்கொண்டது. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11ஆம் தேதி, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. அதில் ஒரு விவரம் என்னைக் கவர்ந்தது. நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் வசித்தால், அச்சட்டத்தின் பல விதிகளிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. விளம்பர விதியிலிருந்து மட்டும் விலக்கு இல்லை. இன்ன இனத்தவர்தான் வேண்டும் என்று அவரும் அச்சிட முடியாது.

விளம்பரத்தை மட்டும் ஏன் அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்? வீட்டுக்காரர் மனத்தில் நினைப்பது ஒருவரோடு முடிந்துவிடலாம். விளம்பரத்தில் எழுதுவதை ஆயிரம் பேர் படிக்கிறார்கள். அந்த அறையே தேவைப்படாத இளையவர்கூட, "நம்மை இங்கே வேண்டாம் என்கிறார்கள்" என்று தெரிந்துகொள்கிறார். அடுத்த வீட்டுக்காரரும் அப்படி எழுதலாம் என்று கற்றுக்கொள்கிறார்.

வாடகை சரியாக வராது, சமையல் வாசம் போகாது, வீட்டைப் பாழாக்குவார்கள் என்று வீட்டுக்காரர்கள் காரணம் சொல்வதுண்டு. இந்தக் கவலைகளுக்கு ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. வைப்புத்தொகை வாங்கலாம். வாடகை கட்டும் நாளைக் குறிப்பிடலாம். சமையலறை விதிகளை எழுதலாம். நடத்தை பற்றிய கவலைக்கு நடத்தை பற்றிய விதி போதும்.

இதையெல்லாம் தோழிகளிடம் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "நமக்கே வீடு கிடைக்காம அலையுறோம். நம்ம பிள்ளைங்களுக்கு நாமதானே கொடுக்கணும்?" அவள் கேட்டது நியாயமான கேள்வி. உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நமக்கு மூடிய கதவுகள் அதிகம்தான். ஆனால், நாமும் அதே வரியை எழுதினால், அது தவறு என்று பிறரிடம் எந்த வாயால் சொல்வது?

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்வோம். ஆனால், எங்கே பகிர்ந்தாலும் விளம்பரத்தில் இனம் இருக்காது. வாடகை, வைப்புத்தொகை, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் நேரம் ஆகியவற்றை எழுதினோம். குளியலறை பொது என்பதால் பெண்களுக்கு மட்டும் என்றோம். சமையலறையில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சமைப்பதில்லை என்பதையும் சேர்த்தோம். பிடிக்காதவர் அவரே விலகிக்கொள்ளலாம்.

மறுநாள் முதல் அழைப்பு வந்தது. மலாயில் பேசிய ஒரு மாணவி. வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "அக்கா, நான் சரவாக்கைச் சேர்ந்தவள், ஈபான். பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

பரவாயில்லை என்றேன். இப்போது அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

அறைத்தோழர் தேடும் மாணவர்களே, உங்கள் அடுத்த விளம்பரத்தை அனுப்புமுன் கடைசி வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ அதைப் படித்தால் எப்படி இருக்கும்?