ஆசிரியர் அறையில் தொடங்கும் வகுப்பறை

பள்ளிச் சூழல் என்ற சொல்லால் கல்வியியலார் முதன்மையாகக் குறிப்பது கட்டடத்தையோ சுவரில் தீட்டிய கார்ட்டூன்களையோ அன்று. ஒரு பள்ளியில் வேலை பார்ப்பவர்களும் படிப்பவர்களும் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள், யார் சொல்லுக்கு மதிப்பு, தவறு செய்தவருக்கு என்ன நேர்கிறது என்பன போன்றவற்றில் நாள்தோறும் நிகழ்ந்து நிகழ்ந்து படிந்துபோன பழக்கங்களின் தொகுப்பையே அச்சொல் குறிக்கிறது. இந்தப் பழக்கங்களை மாணவர்கள் உண்டாக்குவதில்லை. தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் இடையிலும், ஆசிரியர்கள் தமக்குள்ளும் எவ்வகை உறவு நிலவுகிறதோ அதுவே சில நாட்களில் வகுப்பறைக்குள் இறங்கிவிடுகிறது. மாணவர்களை அன்போடு நடத்துங்கள் என்று ஆசிரியர்களுக்கு விடுக்கப்படும் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் பயனற்றுப் போவதற்கு, அந்தச் சுற்றறிக்கையே அதட்டும் குரலில் எழுதப்பட்டிருப்பது ஒரு காரணம்.

இதை ஆராய்வதற்குக் கோலார் மாவட்டம் பொருத்தமான களம். பாலாற்றின் பெரிய ஏரியால் அறியப்படும் பேத்தமங்களா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கோலார் தங்க வயலின் சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் அனுப்பிய ஊர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் வட்டாரம். அதே மாவட்டத்தின் மறுகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய சீனிவாசபுர வட்டத்து ராயல்பாடு அருகே, 1972ஆம் ஆண்டு நீல்பாக் என்னும் சிறு பள்ளி தொடங்கப்பட்டது. அதை நிறுவிய டேவிட் ஹார்ஸ்பரோ, ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையை ஒட்டி இயங்கும் ரிஷி வேலிப் பள்ளியில் முன்பு ஆசிரியராக இருந்த ஆங்கிலேயர்.

நீல்பாகில் படித்தவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள். அங்கே தேர்வு இல்லை, தண்டனை இல்லை. பலரும் கவனிக்காமல் விடுவது, பரிசும் இல்லை என்பதுதான். பரிசளிப்பதும் ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தும் ஏற்பாடே என்பது ஹார்ஸ்பரோவின் கருத்து. வெவ்வேறு வயதினர் ஒரே அறையில் அமர்ந்து அவரவர் வேகத்தில் கற்றனர். மொழிகளோடும் கணக்கோடும் தச்சு, தையல், மண்பாண்டம், இசை ஆகியவையும் பாடங்களாகவே கருதப்பட்டன. ஆசிரியப் பயிற்சி பெற வந்தவர்கள் அந்த வளாகத்திலேயே தங்கி, பிள்ளைகள் கற்கும் இடத்தில் தாங்களும் கற்றுக்கொண்டிருந்தனர் என்பது இக்கட்டுரையின் நோக்கில் மிக முக்கியமானது. தமக்குத் தெரியாத ஒன்றைப் பெரியவர்கள் முயன்று, தடுமாறி, மீண்டும் முயல்வதைக் கண்ணெதிரே பார்க்கும் பிள்ளை, தடுமாற்றம் வெட்கப்பட வேண்டியதன்று என்பதை யாரும் சொல்லாமலே உணர்ந்துகொள்கிறது. 1984இல் ஹார்ஸ்பரோ மறைந்தார். தனிமனிதரின் ஆளுமையை நம்பி நின்ற முயற்சி என்று அதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

ஆளுமையை முறையாக மாற்றிய பணி எல்லைக்கு அப்பால் நடந்தது. ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையம், ஓராசிரியர் அல்லது ஈராசிரியர் மட்டுமே உள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஏணிப்படிகள்போல வரிசைப்படுத்தியது. கற்றல் ஏணி எனப்படும் அந்த வரிசையில் தான் நிற்கும் படி எது, அடுத்து எடுக்க வேண்டிய அட்டை எது என்பது பிள்ளைக்கே தெரியும். இதைப் பார்த்து வந்த ஆசிரியர்களைக் கொண்டு 1995இல் மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவன கோட்டை வட்டத்தில், யூனிசெப் உதவியோடு, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உருவானதே மகிழ்ந்து கற்றலைப் பெயரிலேயே கொண்ட நலி கலி. பிள்ளைகள் ஐந்து குழுக்களாகத் தரையில் அமர்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, இன்னொன்றுக்கு ஓரளவு உதவி, மற்றவற்றில் சக மாணவரின் துணை, இறுதியில் தானாகவே கற்றல். ஆசிரியரும் தரையில்தான் உட்கார வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடுகிறது. அவர்கள் வரைந்தவையும் செய்தவையும் தலைக்கு மேலே கற்றல் பந்தலில் தொங்குகின்றன.

அந்த வட்டத்தில் அது வேர்பிடித்ததற்கு அட்டைகளைவிட, அவை உருவான விதமே காரணம் என்று கருத இடமுண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர்களே கூடி உட்கார்ந்து, தங்கள் பகுதியின் பாடல்களையும் கதைகளையும் பொருட்களையும் கொண்டு அட்டைகளை எழுதினர். வகுப்பில் பயன்படுத்திப் பார்த்து, சரிவராததை மாற்றினர். தன் வகுப்பில் இது எடுபடவில்லை என்று ஓர் ஆசிரியர் சக ஆசிரியர்கள் முன்னிலையில் சொல்லிவிட்டுத் தலைகுனியாமல் வீட்டுக்குப் போக முடிந்த கூட்டங்கள் அவை. கர்நாடகத்தில் ஒரு தொகுப்பைச் சேர்ந்த பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடும் சமாலோசன சபையும் இதே நோக்கம் கொண்டதுதான். ஆனால் பல இடங்களில் அது புள்ளிவிவரப் படிவங்களை வாங்கிக் கொடுக்கும் கூட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

2009–10ஆம் கல்வியாண்டில் நலி கலி மாநிலம் முழுவதும் முதலிரு வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. விரிவாக்கப்பட்டபோது அட்டைகள் அச்சாகி வந்தன, ஆணையும் கூடவே வந்தது. தான் எழுதிய அட்டையை ஒருவர் கையாளும் விதத்துக்கும், மேலிடத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்திறங்கியதைக் கையாளும் விதத்துக்கும் உள்ள வேறுபாடு ஆசிரியரின் முகத்திலும், அதன்வழி பிள்ளைகளின் முகத்திலும் தெரியாமல் போகாது. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ இதே வரலாறு நிகழ்ந்தது. 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த சென்னை மாநகராட்சியின் ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குச் சென்று பார்த்து வந்து, செயல்வழிக் கற்றலை 13 பள்ளிகளில் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் உரியதாயிற்று. விரிவாக்கம் தேவையற்றது என்பது இங்கு வாதமன்று. அட்டைகளை அனுப்பியதுபோல அட்டைகளை உண்டாக்கிய கூட்டங்களையும் அனுப்பியிருக்க வேண்டும் என்பதே வாதம்.

பள்ளிச் சூழலை அளக்கலாம் என்று முதலில் முயன்றவர்களுள் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஹால்பினும் டான் கிராஃப்டும் குறிப்பிடத்தக்கவர்கள். 1960களின் தொடக்கத்தில் 71 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த அவர்கள், திறந்த சூழல் ஒரு முனையிலும் மூடிய சூழல் மறு முனையிலுமாகப் பள்ளிகளை வகைப்படுத்தினர். அவர்கள் கவனித்த கூறுகளில் இரண்டு நம் பள்ளிகளுக்கு அப்படியே பொருந்துகின்றன. கற்பித்தலுக்கு உதவாத படிவங்களையும் அலுவல்களையும் தலைமையாசிரியர் தம்மேல் சுமத்துகிறார் என்று ஆசிரியர்கள் எந்த அளவுக்கு உணர்கிறார்கள் என்பது ஒன்று. இதை அவர்கள் தடை என்று அழைத்தனர். தலைமையாசிரியர் பிறரை ஏவாமல் தாமே முன்னின்று உழைப்பதால் எழும் உந்துதல் மற்றொன்று. முதலாவது குறைந்தும் இரண்டாவது மிகுந்தும் இருக்கும் பள்ளியே திறந்த சூழலுக்கு அருகில் வருகிறது. நம் நாட்டில் தடை என்பது தலைமையாசிரியரிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் கர்நாடகத்தில் நடந்த சமூக, கல்விக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களே வீடுவீடாக அனுப்பப்பட்டு, அதற்காகத் தசரா விடுமுறையும் நீட்டிக்கப்பட்டது. கணக்கெடுப்பின் தேவை எதுவாயினும், செல்பேசிச் செயலியோடு மல்லாடிக் களைத்துத் திரும்பும் ஆசிரியரிடம் பொறுமையை எதிர்பார்ப்பவர்கள் அந்தப் பொறுமை எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிக்காகோ நகரின் தொடக்கப் பள்ளிகளை 1990களில் தொடர்ந்து ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்ட அந்தோணி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் உறவுசார் நம்பிக்கை என்ற கருத்தை முன்வைத்தனர். பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் மரியாதை, தன் வேலையைச் சரியாகச் செய்யும் திறன், கடமைக்கு மேலும் ஓரடி எடுத்துவைக்கும் அக்கறை, சொல்லும் செயலும் ஒன்றாயிருக்கும் நேர்மை ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்த நம்பிக்கை. அது வலுவாக இருந்த பள்ளிகளே மாணவர்களின் கற்றலிலும் முன்னேறுவதற்குக் கூடுதல் வாய்ப்புப் பெற்றிருந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆசிரியர்கள் அனைவரும் நண்பர்களாக இருக்க வேண்டும் என்று அந்நூல் சொல்லவில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் ஆசிரியர் அறைகளிலும் நம்பிக்கை இல்லாதிருக்கலாம். அதிகம் பேசிக்கொள்ளாதவர்களிடையே அது உறுதியாக இருக்கவும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல்தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது; 29ஆவது பிரிவு, பிள்ளை அச்சமும் பதற்றமும் இன்றிக் கற்க வேண்டும் என்கிறது. எனினும் 2023 டிசம்பரில் கோலார் மாவட்டத்து மாலூர் வட்டத்தின் அரசு உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் தலித் மாணவர்களைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைத்த செய்தி வெளியாகி, பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் உட்படப் பலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நீல்பாக் இருந்த அதே மாவட்டம்தான். இத்தகைய கொடுமை ஒருவரின் தீய மனத்தால் மட்டும் நிகழ்வதில்லை; வளாகத்துக்குள் பலர் பார்த்துக்கொண்டிருக்க, இது கூடாது என்று மேலிருப்பவரிடம் சொல்லும் துணிவு ஒருவருக்கும் இல்லாத இடத்தில்தான் அது நிகழ்கிறது. மூடிய சூழல் என்று ஆய்வாளர் பொதுவாகச் சொன்னதோடு சாதியும் சேர்ந்துகொள்ளும்போது, அது எந்த ஆழம் வரை போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பள்ளிப் பணியாளர் என்ற சொல்லில் மதிய உணவு சமைக்கும் பெண்களும் துப்புரவுப் பணியாளரும் அடங்குவர் என்பதைப் பல பள்ளிகள் ஏட்டளவில்கூட ஏற்பதில்லை. சமையல் செய்யும் அம்மாவை ஆசிரியர் பெயரிட்டு ஒருமையில் அதட்டும் பள்ளியில், மரியாதை பற்றிய பாடம் அன்றைக்கு வேறுவிதமாக ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

பேத்தமங்களா, தங்க வயல் வட்டாரத்துக்கு உரிய தனிச்சிக்கல் மொழி. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளை கன்னடவழி வகுப்பில் முதல் நாள் வந்து அமரும்போது, அதன் மௌனத்தை மந்தபுத்தி என்று எடுத்துக்கொள்வதும், கன்னடத்தில் பேசு என்று அதட்டுவதும் எளிது. அந்தப் பிள்ளை தன் மொழியில் சொன்னதைப் பக்கத்துப் பிள்ளை கன்னடத்தில் எடுத்துச் சொல்ல ஆசிரியர் இடம்கொடுத்தால், கற்றலும் நடக்கிறது, மொழியும் மெல்ல வருகிறது. சக மாணவர் துணை என்னும் நலி கலிக் குழு இதற்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு. பன்மொழி பேசும் ஆசிரியர்கள் இவ்வட்டாரத்தில் அரியவர்கள் அல்லர். ஆசிரியர் அறையில் ஒருவர் உச்சரிப்பை மற்றவர் கேலி செய்யாதிருக்கும் பள்ளியிலேயே இது வகுப்பிலும் இயல்பாக நடக்கும்.

பெற்றோரின் பங்கு எஞ்சியுள்ளது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின், தங்க வயல் மக்களில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூரு சென்று, இருட்டியபின் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகிவிட்டனர். அதே 2001ஆம் ஆண்டில்தான் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுக்களைக் கர்நாடகம் அமைத்தது. கண்காணிப்பு என்ற சொல் ஆசிரியர்களுக்கு உவப்பாக இல்லை. பெற்றோருக்கோ கூட்டத்துக்கு வர நேரமில்லை. வேலைநாளின் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பதிவேட்டில் எழுதும் பள்ளி, வராத பெற்றோரையும் வந்து காத்திருந்த ஆசிரியரையும் ஒருங்கே அவமதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி, அதற்கு ஈடாக ஆசிரியர்களுக்கு வேறொரு நாளில் விடுப்பளிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்குத் தரப்பட வேண்டும். அதற்கு வட்டாரக் கல்வி அலுவலகம் அவரை நம்ப வேண்டும்.