திண்ணையும் ஏணியும்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் பொதிகைமலை தெரியும். அதற்கு அப்பால் கேரளம். வடக்கேயுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. எல்லை மாறியதும் அவ்வூர்ப் பள்ளிகள் சென்னைக் கல்வித்துறையின் கீழ் வந்தன. 1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்ட பின்னரும், பாடம் சொல்லும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறாகவே இருந்து வருகிறது. நாகாலாந்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியரின் சம்பளமே ஊர்க்குழுவின் வழியாக வருகிறது. நம் பக்கத்தில் அதை நினைத்தும் பார்க்க முடியாது!

நம் பழைய முறை திண்ணைப் பள்ளி. ஆசிரியர் ஒருவர், வயது வேறுபட்ட பிள்ளைகள் பலர். மணலில் விரலால் எழுதுவார்கள். மூத்தவனாகிய சட்டாம்பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவரவர் கற்ற இடத்திலிருந்து அவரவர் மேலே செல்வார்கள். சென்னை எழும்பூரில் 1789 முதல் அனாதைச் சிறுவர் விடுதியைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு வியந்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கே அதற்குச் ‘சென்னை முறை’ என்றே பெயர். ஆயினும் திண்ணையை மிகையாகப் புகழ்தல் தகாது. ஆளுநர் மன்றோ 1822இல் தொடங்கிய விசாரணையில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் கணக்கில் வந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் பலருக்குத் திண்ணையில் ஏறவும் உரிமையில்லை.

பின்னர் அரசு மானியமும் ஆய்வாளரும் வந்தனர். வயதுக்கொரு வகுப்பு, வகுப்புக்கொரு பாடநூல் என்றாயிற்று. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளும் இந்த வகுப்புக்கென்றே அமைந்தவை. பிள்ளைகள் அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒன்றாகக் கேட்டால் அவை நன்கு நடைபெறும். ஆனால் தாமிரபரணிக் கரையில் காரும் பிசானமும் அறுவடையாகும் நாட்களில் பிள்ளைகள் வருவார்களா? அப்பளம் இடும் வீட்டில் மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுவாள். பத்து நாள் கழித்து வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும். படிப்பை விட்ட பிள்ளைகளில் எத்தனையோ பேரை இந்தப் பத்து நாள்தான் விழுங்கியது.

ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள் இதற்கு ஒரு வழி கண்டன. பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஓர் ஏணிப் படத்தில் வரிசைப்படுத்தினர். நின்ற படியிலிருந்தே பிள்ளை மீண்டும் ஏறலாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் இதை மேற்கொண்டன. 2007இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழகமெங்கும் பரவியது. சுவரின் அடியில் பிள்ளைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. பல வகுப்பினர் கலந்த வட்டம். ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். திண்ணையே திரும்பி வந்தது போலிருந்தது, இம்முறை எல்லார்க்குமாக!

குறை இல்லாமலில்லை. வீட்டுப்பாடமும் தேர்வும் காணாத பெற்றோர், “பிள்ளை விளையாடத்தானே வருகிறான்?” என்று கேட்டார்கள். ஓர் ஆசிரியரிடம் நாற்பது பேர் இருந்தால் அட்டையை எடுத்துக் கொடுப்பதிலேயே பொழுது போய்விடும். அறுவடை முடிந்து வந்த சிறுவன் தன் அட்டையைத் தானே தேடி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இம்முறையின் பக்கமே நிற்பேன்.

2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று வயதால் அன்றித் தேர்ச்சியால் பிரிக்கப்பட்டனர். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பும் இருவர் கையில்தான்.