‘இருக்கட்டும், எதுக்காவது ஆகும்!’ - வீட்டை அடைக்கும் வசனம்

போன வருஷம், ஒருநாள் ராத்திரி 11 மணி. அப்பாவுக்கு நெஞ்சுவலி. அம்மா அவரை ஆட்டோவுல ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. ஆபீஸ்லேருந்து வந்து கதவைத் திறக்கிறேன், அம்மாகிட்டேருந்து போன். “மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பேப்பர் பீரோவுல இருக்கு, எடுத்துட்டு வா.”

பீரோவைத் திறந்தேன். துணிக்கடை கவர்களுக்குள்ள துணிக்கடை கவர்கள். தாம்பூலப் பை மூட்டை. செத்துப்போன மிக்ஸியோட வாரன்டி கார்டு. கரன்ட் பில் கட்டு. ஒன்றரை மணி நேரம் கழிச்சு அந்தப் பேப்பர் கிடைச்ச இடம், சொந்தக்காரங்க கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவுல. அப்பா இப்போ நல்லாயிருக்கார். ஆனா, வீட்டை ஒழிக்கிறது ‘அழகு’ சம்பந்தப்பட்ட விஷயம் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான்.

உங்க வீட்டுலயும் ஒரு வசனம் இருக்கும். “இருக்கட்டும், எதுக்காவது ஆகும்.” காலி ஹார்லிக்ஸ் பாட்டில், எந்த போனுக்குன்னே தெரியாத சார்ஜர், ரிட்டர்ன் கிஃப்ட்டா வந்த பிளாஸ்டிக் டப்பா... எல்லாத்துக்கும் இந்த ஒரே வசனம்தான். இதுக்காக அம்மாக்களைத் திட்டுறதுல நியாயமே இல்லை. அவங்க காலத்துல பொருள் நிஜமாவே எதுக்காவது ஆச்சு. பழைய புடவை தூளியாச்சு, அப்புறம் கரித்துணியாச்சு. அண்ணன் சட்டை தம்பிக்குப் போச்சு. பழைய பேன்ட்டைக் கொடுத்தா தெருவுல வர்ற பாத்திரக்காரர் எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார். பொருள் உள்ளே வர்ற மாதிரியே வெளியே போகவும் வழி இருந்துச்சு. இப்போ அப்பார்ட்மென்ட் கேட்டுக்குள்ள பாத்திரக்காரரை விடுறதில்ல. கூரியர் பையன் மட்டும் தினமும் வர்றார்!

பொருளைத் தூக்கிப்போட ஏன் மனசு வர்றதில்லைங்கிறதுக்கு ஒரு பிரபலமான ஆய்வு இருக்கு. 1990-ல டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர்னு மூணு பேர் வெளியிட்டது. மாணவர்கள்ல பாதிப் பேருக்கு சும்மா ஒரு காபி கப் கொடுத்தாங்க. வெச்சிருக்கிறவங்க என்ன விலைக்கு விப்பாங்க, இல்லாதவங்க என்ன விலைக்கு வாங்குவாங்கன்னு கேட்டாங்க. கப் கிடைச்சு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆனாலும், விக்கிறவங்க கேட்ட விலை வாங்குறவங்க தரத் தயாரா இருந்ததைவிட ரெண்டு மடங்குக்கும் மேல! ‘என்னோடது’ன்னு ஆன உடனே விலை ஏறிடுது. பத்து வருஷமா பரண்ல இருக்குற பொருள்னா கேக்கவே வேணாம்.

சரி, எங்கே ஆரம்பிக்கிறது? ஜப்பானோட மேரி கோண்டோ துணியில ஆரம்பிக்கச் சொல்றாங்க. பேப்பர்களைப் பொறுத்தவரை முடிஞ்சவரை எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கன்னு சொல்றாங்க. (மூணாவது குழந்தை பிறந்த பிறகு அவங்களே, ‘வீடு முன்ன மாதிரி நீட்டா இல்லை’ன்னு 2023-ல ஒப்புக்கிட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.) நம்ம வீட்டுக்கு இது சரிவராதுங்கிறது என் கருத்து. பேப்பர்லதான் ஆரம்பிக்கணும். ஆனா, கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிப் போடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா பேப்பரையும் கூடத்துல கொட்டுங்க. பத்திரம், பட்டா, ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி, பிறப்பு, இறப்புச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே ஃபைல். அது எங்கே இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியணும். இன்ஷூரன்ஸ் கார்டை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. நான் இப்போ அப்படித்தான் செஞ்சிருக்கேன். டிரைவிங் லைசென்ஸ், ஆர்.சி எல்லாம் டிஜிலாக்கர்ல வெச்சுக்கலாம். மத்த பழைய பில், ஏ.டி.எம் சீட்டு எல்லாம் போகட்டும். ஆனா, ஆதார் ஜெராக்ஸை அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போடாதீங்க. கிழிச்சுப் போடுங்க. நாளைக்கு உங்க ஆதார்லயே உங்களுக்கு பஜ்ஜி மடிச்சுத் தருவாங்க!

தாத்தா, பாட்டி பேர்ல பழைய பேங்க் பாஸ்புக் கிடைச்சா நிறுத்தி நிதானமாப் பாருங்க. பத்து வருஷம் யாரும் தொடாத பணத்தை பேங்க், ரிசர்வ் வங்கியோட ஒரு நிதிக்கு மாத்திடும். ஆனா, வாரிசுகள் உரிய ஆவணங்களோட போய் அந்த பேங்க்லயே கேட்டு வாங்கலாம். இதைத் தேடுறதுக்காகவே ரிசர்வ் வங்கி 2023-ல ‘உத்கம்’னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சிருக்கு. கணக்கு வெச்சிருந்தவர் பேர், பிறந்த தேதி இல்லன்னா பான் நம்பர் மாதிரி ஒரு விவரம் இருந்தா போதும்.

துணி, பாத்திரமெல்லாம் அப்புறம் மெதுவா பார்த்துக்கலாம். பழைய போன், சார்ஜர், பேட்டரியை மட்டும் குப்பைத்தொட்டியில போடாம, மின்னணுக் கழிவு வாங்குற இடமா பார்த்துக் கொடுங்க. போகிக்குன்னு சேர்த்து வெச்சு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துறதும் வேண்டாம். 2018 போகி அன்னிக்கு சென்னையில புகையால விமானங்களே தடுமாறிப்போச்சு.

போனும் ஒரு பீரோதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனா 5 எம்.பி-க்கு மேல இருக்குற ஃபைல் எல்லாம் தனியா வரிசை கட்டி நிக்கும். குட்மார்னிங் வீடியோக்களுக்கு அங்கேயே குட்பை சொல்லிடலாம்.

கடைசியா ஒண்ணு. அடுத்தவங்க பொருளை அவங்களைக் கேக்காம வெளியே போடாதீங்க. பரண்ல அம்மாவோட தகரப்பெட்டி ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. காயலாங்கடைக்குப் போடலாம்னு இறக்கினேன். திறந்தா, கல்யாணமான புதுசுல தாத்தா அவங்களுக்கு எழுதின இன்லேண்ட் லெட்டர்கள். அம்மா தரையில உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சாங்க. அன்னிக்கு மதியம் சமையல் நடக்கல. பெட்டியைத் துடைச்சு, மறுபடியும் பரண்லயே ஏத்தி வெச்சேன்.

ஹார்லிக்ஸ் பாட்டில் மொத்தம் 14. எல்லாத்தையும் போட்டுடலாம்னு அம்மா சம்மதிச்சாங்க. வாசல்ல வெச்சோம். மறுநாள் காலையில எண்ணினா 9 தான் இருந்துச்சு.