வாசலில் நவரத்னா, பட்டியலில் பின்தங்கிய மாவட்டம்

கடலூர் பின்தங்கிய மாவட்டம் என்று சர்க்குலர் வந்த அன்று எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் சிரிக்காதவர் இல்லை. தலைக்கு மேல் சுற்றிய ஃபேனே நெய்வேலி மின்சாரத்தில் ஓடியதுதான். "தென்னிந்தியாவுக்கே கரண்ட் குடுக்கிறோம், நாம பின்தங்கிட்டோமாம்" என்றார் ஹெட் கிளார்க். நான் அங்கே ஓவர்சியர். மனைவிக்கு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில், அதாவது இன்று நவரத்னா என்கிற என்.எல்.சி.யில் வேலை, ஆகவே குடியிருப்பு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில், என் பிழைப்பு சுற்றுப்பட்டுக் கிராமங்களில். காலையில் நூல் பிடித்தாற்போல் போட்ட, மரம் கவிந்த ரோட்டில் பைக்கை எடுத்தால், கொஞ்ச நேரத்தில் செம்மண் பாதையில் பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பேன். அதனால் எனக்கு மட்டும் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

பட்டியலை எப்படித் தயாரித்தார்கள் என்று பிறகு படித்தேன். மத்திய திட்டக்குழு முக்கியமாக மூன்று விஷயங்களைத்தான் பார்த்திருந்தது. விவசாயக் கூலி எவ்வளவு, விவசாயத்தில் ஓர் ஆள் உழைப்புக்கு விளையும் மதிப்பு எவ்வளவு, மக்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை சதவீதம். மெகாவாட்டுக்கு அதில் இடமே கிடையாது. 1935-ல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956 நவம்பரில் கம்பெனி பிறந்தது. 1962-ல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் கதை இது. கம்மாபுரம் பக்கம் களை எடுக்கிற பெண்ணின் கூலி அந்தக் கதையில் வராது. அந்தக் கூலியை வைத்துப் பார்த்தால் டெல்லிக்காரன் போட்ட கணக்கு சரிதான்.

முதலில் வந்தது ராஷ்ட்ரிய சம விகாஸ் யோஜனா, 2003-04-ல். நாடு முழுக்க 147 மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 15 கோடி வீதம் மூன்று ஆண்டுக்கு 45 கோடி ரூபாய். அதை விரித்துப் பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதி என்று ஆக்கினார்கள். 2007 பிப்ரவரியில் அசாமின் பார்பேட்டாவில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். 250 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை என்று ஆறு. எங்கள் பக்கம் இதை 'பி.ஆர்.ஜி.எஃப்.' என்றுதான் சொல்வோம். தமிழ்ப் பெயர் பெயர்ப்பலகையோடு சரி.

பணத்தைப் பங்கிட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. எந்த மாவட்டமானாலும் ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி. மிச்சத்தில் பாதியை மக்கள்தொகை பார்த்தும், பாதியைப் பரப்பளவு பார்த்தும் கொடுத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்திருந்தால் ராஜஸ்தானின் ஜெய்சல்மருக்கு ஒன்றும் தேறாது. அங்கே 38,401 சதுர கிலோமீட்டர், சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். ஆள் குறைந்தால் செலவும் குறையும் என்று நினைப்பவர்கள் ரோடு போட்டுப் பார்த்ததில்லை. ஐம்பது வீட்டுக்குப் போட்டாலும் ஐந்நூறு வீட்டுக்குப் போட்டாலும் பத்துக் கிலோமீட்டர் ரோட்டுக்கு ஜல்லி ஒரே அளவுதான். எங்கள் கடலூரில் 3,678 சதுர கிலோமீட்டரில் 26 லட்சம் பேர். பரப்பளவால் எங்களுக்கு லாபமில்லை, தலைக்கணக்கால் கொஞ்சம் வந்தது.

தொகையைவிட, அதை எதற்குச் செலவு செய்யலாம் என்பதில்தான் விசேஷம். மற்ற திட்டங்களின் இடைவெளியை நிரப்புவதற்கென்றே வந்த பணம் அது. நூறு நாள் வேலையில் கூலிக்கும் பொருளுக்கும் 60:40 கணக்கு இருந்தது; ஹியூம் பைப்பும் சிமென்ட்டும் கூடினால் இடிக்கும். அங்கன்வாடிக் கட்டடத்துக்கு ஒரு திட்டத்தில் பணம் இருக்கும், சுற்றுச்சுவருக்கு இருக்காது. இந்த மாதிரி ஓட்டைகளை அடைக்கத்தான் பி.ஆர்.ஜி.எஃப்.

நான் பார்த்த ஊராட்சி ஒன்றில் ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். மழைக் காலத்தில் பிள்ளைகள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போவார்கள். அந்த ஊர்த் தலைவி, மல்லாட்டை வியாபாரம் செய்தவர், எதையும் நேராகக் கேட்பார்.

"ஏன் சார், நூறு நாள் வேலையில முடியாதுன்னீங்க, எம்.எல்.ஏ. நிதி தீந்துபோச்சுன்னீங்க. இந்தப் பணத்துலயாவது பாலம் போடுவீங்களா?"

"கிராம சபையில தீர்மானம் போட்டுக் குடுங்க தலைவரம்மா. நான் எஸ்டிமேட் போடறேன்."

"ஜனங்க கட்டடம்தான் கேப்பாங்க சார். கட்டடத்துல பேரு எழுதலாம். பாலத்துல எங்க எழுதறது?"

கைப்பிடிச் சுவரில் எழுதிக்கொடுத்தோம். தீர்மானம் ஊராட்சியிலிருந்து ஒன்றியம், அங்கிருந்து மாவட்டத் திட்டக் குழு, பிறகு சென்னை என்று போய், பணமாகத் திரும்பி வருவதற்குள் தலைவரம்மா எனக்கு எத்தனை முறை போன் செய்தார் என்று கணக்கில்லை. டெல்லி பணத்தை விட்டால் மாநிலம் 15 நாளுக்குள் உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும், தவறினால் வட்டி கட்ட வேண்டும் என்று விதியே இருந்தது. இந்தப் பக்கமும் ஒரு கிடுக்கி உண்டு. பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் போகாமல் அடுத்த தவணை வராது. ஒரு ஊராட்சியில் எம்-புக், அதாவது வேலையின் அளவுப் புத்தகம், எழுதாமல் கிடந்தால் மாவட்டமே காத்துக்கிடக்கும். மெதுவான திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாலமா கட்டடமா என்று முடிவு செய்தது அந்த ஊர்.

2015-ல் கதை மாறியது. மத்திய வரியில் மாநிலங்களின் பங்கை 14-வது நிதிக்குழு 32-லிருந்து 42 சதவீதமாக உயர்த்தியது. கூடுதலாகத் தருகிறோம், இனி இதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டெல்லி கைவிட்ட எட்டுத் திட்டங்களில் பி.ஆர்.ஜி.எஃப்.பும் ஒன்று. மாநிலத்துக்குப் பணம் கூடியிருக்கலாம். 'கடலூருக்கு' என்று பெயர் எழுதி வந்த கவர் நின்றுவிட்டது. 2018-ல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று புதுப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் விருதுநகரையும் ராமநாதபுரத்தையும்தான் எடுத்தார்கள்.

அதே 2015-ல் இன்னொரு கதவு திறந்தது: மாவட்ட கனிம அறக்கட்டளை. இது மானியம் அல்ல, மண்ணுக்கு உரிய பங்கு. கணக்கு எளிது. பழுப்பு நிலக்கரிக்கு அதன் மதிப்பில் 6 சதவீதம் ராயல்டி, அது மாநில அரசுக்கு. அந்த ராயல்டியில் 30 சதவீதம் அளவுக்குத் தனியாக ஒரு தொகையை, பழைய குத்தகைச் சுரங்கங்கள் அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். 100 ரூபாய் நிலக்கரிக்கு 1 ரூபாய் 80 காசு. குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்கு முன்னுரிமை; 2024-ல் திருத்திய வழிகாட்டுதல்படி 70 சதவீதம் அவற்றுக்கே போக வேண்டும். சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருந்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி, 25-க்குள் என்றால் மறைமுகம்.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேசினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். நிலத்துக்கு இழப்பீடு வேறு. லாபத்தில் 2 சதவீதம் என்று கம்பெனிச் சட்டம் சொல்லும் சி.எஸ்.ஆர். வேறு, கனிம நிதி வேறு. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் பரவனாற்றுக் கால்வாய் வெட்ட என்.எல்.சி.யின் பொக்லைன் வயலில் நின்ற நெல்லில் இறங்கியபோது, 'அவங்களுக்குத்தான் கோடிகோடியா குடுக்கிறாங்களே' என்று டவுன்ஷிப்பில் என் காதுபடப் பேசினார்கள். எந்தக் கோடி, யார் கையில், எந்த ஊருக்கு என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை.

கனிம அறக்கட்டளைக்குத் தலைவர் கலெக்டர். பணம் வரத் தொடங்கிய சமயம் பாருங்கள்: 2016 அக்டோபரில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரியோடு முடிந்து மறுபடி தனி அலுவலர். பாலத்தில் பேரை எங்கே எழுதுவது என்று கேட்க, அந்த நாற்காலியில் ஆள் இல்லை. பணம் முன்பைவிட நிச்சயம், கேட்கும் வாய்தான் குறைவு என்பது என் கணிப்பு.

சுரங்கம் நின்ற பிறகு என்ன என்று யோசித்தால் வேறு நாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே பழுப்பு நிலக்கரிதான் ஜெர்மனியின் கிழக்கு மூலையில் லௌசிட்ஸ் பகுதியிலும். ஆனால் அங்கே ஆள் நெருக்கம் குறைவு. சுரங்கம் நூறுக்கும் மேற்பட்ட ஊர்களை விழுங்கியிருக்கிறது. 2038-க்குள் நிலக்கரியைக் கைவிடுவது என்று முடிவெடுத்த கையோடு, 2020-ல் தனிச் சட்டம் போட்டு, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை என்று அந்த நாட்டு மத்திய அரசு ஒதுக்கியது. ரயில் பாதை, ஆராய்ச்சி நிலையம், அரசு அலுவலகங்கள் எல்லாம் சுரங்கம் மூடுவதற்கு முன்பே வர வேண்டும் என்பது ஏற்பாடு. நெய்வேலியில் 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றே போய்விட்டது. சுரங்கங்கள் இன்னும் ஓடுகின்றன. என்றைக்கோ ஒரு நாள் அவையும் நின்றால் ராயல்டி நிற்கும், 1 ரூபாய் 80 காசும் அதோடு நிற்கும். அந்த நாளுக்கென்று பெரிய வரவுள்ள மாவட்டங்கள் நிதியில் ஒரு பகுதியை வைப்பாகப் போட்டுவைக்க 2024 வழிகாட்டுதல் இடம் தருகிறது. கடலூரில் அந்த வைப்பு எவ்வளவு, பாலம் போட்ட அந்த ஊர் நேரடிப் பாதிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று வரும் கிராம சபையில் எழுதிக் கொடுத்துக் கேட்கும்படி அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். தலைவரம்மாவுக்கு இப்போது பதவி இல்லை. மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.